பிரைட்டனில் வீடு தேடுகிறவர்களுக்கு: கடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

"கடல் தெரிகிற மாதிரி ஒரு வீடு கிடைக்குமா?" இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் பிரைட்டனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரப்போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கிடைக்கும். கடற்கரைச் சாலையை ஒட்டி வெள்ளை வெளேரென்று நிற்கும் பழைய மாளிகைகளில் பல, உள்ளே சின்னச் சின்ன ஃப்ளாட்டுகளாகப் பிரிக்கப்பட்டவை. எப்போது தேடினாலும் அதில் ஒன்றிரண்டு காலியாக இருக்கும். ஏன் காலியாகிக்கொண்டே இருக்கிறது என்று கேட்பதுதான் நல்ல கேள்வி. ஜூலை வெயிலில் ஆசைப்பட்டுக் குடிபோகிறவர்களை ஜனவரிக் காற்று விரட்டிவிடுகிறது.

நர்ஸாக, கம்ப்யூட்டர் வேலைக்காரராக, மாணவராக இங்கே முதல் முறை வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்குப் போகும் பஸ், தினமும் ஏறி இறங்க வேண்டிய மேடு, சுவரில் ஏறும் ஓதம், அதாவது ஈரம். இந்த மூன்றையும் பார்த்து வீட்டை முடிவு செய்யுங்கள். கடல் எங்கும் ஓடிவிடாது, பஸ் ஏறினால் வந்துவிடும்.

1. ஊர் எப்படிக் கிடக்கிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள்

பிரைட்டனும் ஹோவும் தனித்தனி ஊர்களாக இருந்து 1997-இல் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தவை. நகர அந்தஸ்து 2000-இல் அறிவிக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 2,77,000 பேர் இருக்கிறார்கள். தெற்கே கடல், வடக்கே சவுத் டவுன்ஸ் என்னும் சுண்ணாம்புக் குன்றுகள். அந்தக் குன்றுகள் தேசியப் பூங்கா என்பதால் அங்கே இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஊர் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. வாடகை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இதுதான். மீதிப் பாதி, ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் லண்டன்.

குன்றுகளிலிருந்து இரண்டு பள்ளத்தாக்குகள் இறங்கி வருகின்றன. ஒன்றில் லண்டன் ரோடு, மற்றதில் லூயிஸ் ரோடு. இரண்டும் சேர்ந்து ஓல்டு ஸ்டெய்ன் என்ற இடத்தில் கடலைத் தொடுகின்றன. பஸ்களும் பெரும்பாலும் அங்கேதான் கூடிப் பிரிகின்றன. இந்தப் பள்ளத்தாக்குகளின் தரையில் இருக்கும் வரை நடை சுகம். பக்கவாட்டில் திரும்பினால் ஏற்றம்தான். மேற்கே ஹோவ் மட்டும் பெரும்பாலும் தட்டையான நிலம்.

மேப்பில் பார்த்தால் இது தெரியாது. ஹனோவர் பகுதியில் அறை பிடித்த தம்பி ஒருவன் என்னிடம், "அக்கா, பஸ் ஸ்டாப் எட்டு நிமிஷம்தான், மேப்பே சொல்லுது" என்றான். சௌத்ஓவர் தெருவில் அரிசி மூட்டையோடு ஒரு தடவை ஏறிப் பார் என்றேன். பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டைப் பார்க்கப் போகும்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு வாசல் வரை நடந்தே போங்கள். ஏஜென்ட்டின் காரில் ஏறாதீர்கள். குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்க நினைக்கிறவர்களும் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

2. வேலை எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள்

வேலை கிடைத்த கடிதத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வீடு தேட ஆரம்பிக்காதீர்கள். இங்குள்ள என்எச்எஸ் டிரஸ்டுக்கு, அதாவது அரசு மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புக்கு, பிரைட்டனில் ராயல் சசெக்ஸ் கவுன்டி மருத்துவமனை இருப்பதுபோல வொர்த்திங், சிச்செஸ்டர், ஹேவர்ட்ஸ் ஹீத் ஊர்களிலும் மருத்துவமனைகள் உண்டு. உங்கள் வார்டு எந்த ஊரில் என்பதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நர்ஸ்களுக்குத் தொடக்கத்தில் தங்குமிடம் உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அறை சுமாராகத்தான் இருக்கும். ஆனால் அவசரப்படாமல் வீடு தேட அது நேரம் வாங்கித் தரும்.

ராயல் சசெக்ஸ், ஊரின் கிழக்கே ஈஸ்டர்ன் ரோட்டில் இருக்கிறது. குழந்தைகள் மருத்துவமனையும் அதே வளாகம்தான். 1, 7 என்ற இரண்டு முக்கியமான பஸ்கள் அந்த வழியாகப் போகின்றன. 7-ஆம் எண் ஹோவிலிருந்து ரயில் நிலையம், ஓல்டு ஸ்டெய்ன் வழியாக மருத்துவமனைக்கும், படகுத்துறையான மெரினாவுக்கும் போகும். 1-ஆம் எண் போர்ட்ஸ்லேடு, ஹோவ் பக்கத்தை மருத்துவமனையோடும் வைட்ஹாக்கோடும் இணைக்கிறது. காரில் போய் நிறுத்த இடம் தேடுவது தனிப் பாடு. பஸ்ஸை நம்பியே திட்டமிடுங்கள். பகல் ஷிஃப்ட் நர்ஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் முதல் பஸ் எப்போது என்று பாருங்கள். வாரநாள் அட்டவணையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சசெக்ஸ் பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே ஃபால்மரில் இருக்கிறது. அதற்கு 25-ஆம் எண் பஸ்ஸும், லூயிஸ் போகும் ரயிலும் உண்டு. அந்த ஃபால்மர் நிலையத்துக்கு எதிரேதான் கால்பந்து அணியின் ஏமெக்ஸ் மைதானம். 30,000 பேருக்கு மேல் கொள்ளும். போட்டி நாளில் அந்த ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது.

லண்டனுக்கோ கேட்விக் விமான நிலையத்துக்கோ போய் வருகிறவர்கள் ரயில் நிலையத்தை மையமாக வைத்துத் தேட வேண்டும். லண்டன் விக்டோரியா சுமார் ஒரு மணி நேரம், கேட்விக் அரை மணி. வாரம் ஒரு நாள் மட்டும் ஆபீஸ் என்றால் சரி. தினமும் என்றால் லண்டன் சீசன் டிக்கெட்டே வருடத்துக்கு 5,000 பவுண்டுக்கு மேல் போகும். அதையும் வாடகையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

3. முதல் மாதம் எங்கேயாவது ஒதுங்குங்கள்

ஊரிலிருந்தபடியே வீடியோவில் பார்த்து முழு வீட்டை வாடகைக்குப் பிடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓதத்தின் வாசனை வீடியோவில் வராது. ஒரு மாதம் அறை வாடகைக்கோ, மருத்துவமனை விடுதியிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இருந்துகொண்டு நேரில் தேடுங்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மாணவர் கூட்டம் மோதும். நவம்பரில் தேடினால் நெரிசலும் குறைவு, வீட்டின் உண்மை முகமும் தெரியும்.

யாராவது ஒருவர் "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். படங்கள் அழகாக இருக்கும், வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும், வாட்ஸ்அப்பில் பேச்சும் மரியாதையாக இருக்கும். வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு பவுண்டு கூடக் கைமாறக் கூடாது. சந்தேகம் இருந்தால் சில பவுண்டு செலவில் அரசின் நிலப் பதிவேட்டில் வீட்டு உரிமையாளர் யார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

4. கணக்கு

மாத வாடகை 1,300 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 15,600. வாரத்துக்கு 300. வீட்டைப் பிடித்து வைக்க ஏஜென்ட் கேட்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது, ஆகவே 300. டெபாசிட் ஐந்து வார வாடகைக்குள்தான் இருக்க வேண்டும், ஆகவே 1,500. இது 2019-இல் வந்த சட்டம். "ரெஃபரன்ஸ் கட்டணம்", "அட்மின் கட்டணம்" என்று யாராவது ரசீது நீட்டினால் அது சட்டவிரோதம். டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, உங்களுக்குச் சான்று தர வேண்டும். தராவிட்டால் நீங்கள் நீதிமன்றம் போகலாம்; டெபாசிட்டின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கிடைக்க வழி இருக்கிறது.

ஏஜென்ட்டுகள் வழக்கமாகப் பார்க்கும் இன்னொரு கணக்கு: வருடச் சம்பளம் மாத வாடகையைப் போல் 30 மடங்கு இருக்கிறதா என்பது. 1,300 பவுண்டு வீட்டுக்கு 39,000 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டும். 2025-26-இல் புதிதாகச் சேரும் பேண்டு 5 (நர்ஸ்களின் தொடக்கச் சம்பளப் படி) நர்ஸின் சம்பளம் சுமார் 31,000 பவுண்டு. தனி ஆளாக அந்த வீடு எட்டாது. கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம், அல்லது இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து எடுக்கலாம். இல்லையென்றால் அறை வாடகைதான்.

இங்கே ஜாமீன் போட ஆள் இல்லாத வெளிநாட்டுக்காரர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்பது இங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் அதற்குக் கடிவாளம் போடுகிறது. அதன் பிறகு தொடங்கும் வாடகை ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்பதும் கூடாது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் பழைய முறையும் போகிறது. குறித்த கால ஒப்பந்தமும் இல்லை. நீங்கள் கிளம்ப வேண்டுமானால் இரண்டு மாத நோட்டீஸ் போதும். ஆனால் வீட்டுக்காரரோடு அதே வீட்டில் ஒரு அறையில் தங்குகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் பொருந்தாது. நம்மவர் வீடு என்பதால் சட்டம் மாறாது. அப்படித் தங்கினால் எவ்வளவு வாடகை, எத்தனை நாள் நோட்டீஸ், சமையலறை எந்நேரமும் உண்டா என்பதை வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு மேலே கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி), தண்ணீர், மின்சாரம், கேஸ், இன்டர்நெட் தனி. கவுன்சில் டாக்ஸுக்கு வீடுகளை ஏ முதல் எச் வரை தரம் பிரித்திருக்கிறார்கள். விளம்பரத்திலேயே அந்த எழுத்து இருக்கும். பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. இரண்டுமே கேட்டால்தான் கிடைக்கும்.

5. எந்தப் பக்கம்?

குடும்பத்தோடு வருகிறவர்கள் ஹோவிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். போர்ட்லண்ட் ரோட்டைச் சுற்றிய தெருக்கள் தட்டையானவை, கடைகள் கையெட்டும் தூரம், கடலுக்கும் நடந்து போகலாம். ஆனால் கடற்கரையிலிருந்து நாலைந்து தெரு உள்ளே தள்ளி இருப்பதால் காற்று அடங்கிவிடும். மலிவு இல்லை. "பிரைட்டனிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "இல்லை, ஹோவ்" என்று திருத்துவது அந்த ஊர்க்காரர்களின் பழைய வழக்கம், அந்தத் திருத்தத்துக்கும் வாடகையில் கொஞ்சம் விலை உண்டு. இன்னும் மேற்கே போர்ட்ஸ்லேடு போனால் கொஞ்சம் இறங்கும். அங்கே துறைமுகப் பக்கம் லாரிச் சத்தம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரன்ஸ்விக் சதுக்கம், அடெலெய்டு கிரசென்ட் என்று படத்தில் வரும் வளைவு வீடுகள் ஹோவின் கடற்கரை முகப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும். உயரமான கூரை, பெரிய ஜன்னல், சூடு நிற்காத அறை. பார்க்க வேண்டிய இடம். மின்கட்டணம் கட்டி வாழ வேண்டிய இடமா என்பது உங்கள் பாடு.

மருத்துவமனைக்காரர்களுக்கு கெம்ப்டவுன் நடக்கும் தூரம். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர் செயின்ட் ஜேம்ஸ் தெருவை ஒட்டி எடுக்க வேண்டாம். மதுக்கடைகளும் கொண்டாட்டமும் அங்கேதான். கொஞ்சம் கிழக்கே தள்ளி, மருத்துவமனைக்குப் பின்புறத் தெருக்களில் தேடுங்கள். அதற்கும் அப்பால் வைட்ஹாக். "அங்கே போகாதே" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கவுன்சில் வீடுகள் நிறைந்த, வசதி குறைந்த பகுதி என்பது உண்மை. ஆனால் அங்கே வீடெடுத்து நடந்தே ஷிஃப்டுக்குப் போய், மிச்சம் பிடித்தவர்களும் உண்டு. சொன்னவர்கள் எத்தனை பேர் அங்கே குடியிருந்தவர்கள் என்று கேளுங்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு நீங்களே அந்தத் தெருவில் நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். எந்தப் பகுதிக்கும் இதுதான் சோதனை.

மாணவர்கள் லூயிஸ் ரோட்டை விட்டு விலகத் தேவையில்லை. மூல்ஸ்கூம், பெவன்டீன், கூம்ப் ரோடு பக்கம் பங்கு வீடுகள் நிறைய. உறவில்லாத ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து இருக்கும் பங்கு வீட்டுக்கு இங்கிலாந்து முழுவதும் உரிமம் கட்டாயம். பிரைட்டனில் அதைவிடச் சின்ன பங்கு வீடுகளுக்கும் உரிமம் கேட்கிறார்கள். உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியல் கவுன்சிலிடம் இருக்கிறது. முகவரி அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஹனோவரைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். வண்ணம் வண்ணமாகச் சின்ன வீடுகள், நல்ல அக்கம்பக்கம். காலுக்குத் தெம்பு இருந்தால் போங்கள்.

லண்டன் போகிறவர்களுக்கு பிரஸ்டன் பார்க் நல்ல இடம். தனி ரயில் நிலையம் இருக்கிறது, லண்டன் ரயில் நேரே வரும். அதன் கிழக்கே ஃபைவ்வேஸ், பிள்ளைகளுடைய குடும்பங்கள் விரும்பும் பகுதி. பள்ளிக்கூடத்துக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

வடக்கே பாச்சம் கிராமத்துச் சாயலோடு அமைதியானது. தோட்டம் வைத்த வீடுகள் கிடைக்கும். ஆனால் அங்கே வெள்ளம் கடலிலிருந்து வராது, சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் பெய்த மழையில் நிலத்தடி நீர் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. ஆகவே குறிப்பிட்ட அஞ்சல் குறியீட்டை அரசின் வெள்ள அபாயப் பக்கத்தில் போட்டுப் பார்க்காமல் அங்கே கையெழுத்திடாதீர்கள். பாச்சமுக்கு மேலே குன்றின்மீது சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு, ஊர் நடுவில் உள்ள ராயல் பெவிலியன் அரண்மனை மருத்துவமனையாக இருந்தது. அங்கும் ஊரின் மற்ற மருத்துவமனைகளிலும் இறந்த இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடம் அது. 1921-இல் மண்டபத்தைத் திறந்தார்கள். வந்த முதல் கோடையில் ஒரு தடவை நடந்து போய்ப் பாருங்கள். இந்த ஊருக்கு நாம் புதியவர்கள் இல்லை என்று தெரியும்.

வுட்டிங்டீன், குன்றின் உச்சி. பணத்துக்கு வீடு பெரிதாகக் கிடைக்கும், பனிமூட்டமும் காற்றும் கூடவே வரும். 1862-இல் அங்கே கையால் தோண்டி முடித்த கிணறு 390 மீட்டர் ஆழம், கையால் தோண்டியதில் உலகிலேயே ஆழமானது என்கிறார்கள். தண்ணீருக்கு அவ்வளவு தோண்ட வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு உயரத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் கட்டுப்படியாகவில்லை என்றால் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வெளியே போங்கள். மேற்கே ஷோரம், வொர்த்திங், கிழக்கே நியூஹேவன். வொர்த்திங் முழுக்கத் தட்டை, அங்கேயும் கடல் உண்டு, மருத்துவமனையும் உண்டு. வயதானவர்கள் ஊர் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறவர்களுக்கு அதில் என்ன நஷ்டம்?

6. பார்க்கப் போகும்போது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஏஜென்ட் பதினைந்து நிமிடம்தான் தருவார். அதற்குள் என்ன பார்ப்பது?

முதலில் மூக்கு. கதவு திறந்ததும் பழைய சாக்கு நனைந்த வாசனை வந்தால் பாதி முடிவு அங்கேயே ஆயிற்று. வாசனை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். அடுத்தது கை. வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்குப் பின்னால் உள்ளங்கையை வையுங்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவர், ஜன்னல் விளிம்பின் ரப்பர், குளியலறைக் கூரையின் மூலை எல்லாவற்றையும் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். ஒரு மூலைக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அதன் அடியில் என்ன என்று கேளுங்கள். மூலையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று நின்றால், அது யாருடையது, ஏன் வாங்கினார்கள் என்றும் கேளுங்கள்.

பிறகு ஜன்னல். மேலும் கீழும் நகரும் பழைய மரஜன்னலின் சட்டத்தில் மடித்துச் செருகிய அட்டைத் துண்டோ செய்தித்தாளோ இருக்கிறதா? இருந்தால், போன குடித்தனக்காரர் இரவெல்லாம் அது கடகடவென்று ஆடுவதைப் பொறுக்காமல் செருகியது அது. தென்மேற்கிலிருந்துதான் இங்கே காற்று பலமாக அடிக்கும். அந்தப் பக்கம் பார்த்த அறையில்தான் மழையும் மோதும். கடல் முகப்பு வீட்டில் பால்கனிக் கம்பியையும் கதவுக் கீலையும் பாருங்கள், துருவே கதை சொல்லும். கண்ணாடியில் உப்பு படிந்து, பணம் கொடுத்து வாங்கிய கடல் காட்சி மங்கலாகத்தான் தெரியும்.

சுவரைத் தட்டிப் பாருங்கள். இந்த ஊரின் பழைய வீடுகள் பலவற்றில் பங்கரூஷ் என்ற கலவைச் சுவர் இருக்கிறது. சிக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல், சுண்ணாம்பு என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கட்டியது. ஈரத்தை உறிஞ்சும், ஆணி பிடிக்காது. தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சினால் பாதி ஊர் கரைந்துவிடும் என்று உள்ளூர்க்காரர்களே கேலி பேசுவார்கள். இப்படிப்பட்ட வீட்டின் பேஸ்மென்ட் ஃப்ளாட் மலிவாக வரும். குழந்தைக்கு இளைப்பு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சமையலறையில் அடுப்புக்கு மேல் இருக்கும் புகை உறிஞ்சியைப் போட்டு, ஒரு டிஷ்யூ காகிதத்தை அதன் அடிப்பக்கத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் காற்றை இழுக்கிறது. இழுத்த காற்று வெளியே போகிறதா, ஃபில்டர் வழியாக அறைக்கே திரும்புகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் சோறு வடித்து, சாம்பார் கொதிக்க வைத்து, தாளிக்கிற வீட்டில் இது அலங்காரச் சாமான் இல்லை. அந்த ஆவிதான் குளிர்ந்த சுவரில் நீராக இறங்கிப் பூஞ்சணமாகிறது. கடைசியில் "நீங்கள் சமைப்பதால்தான்" என்று பழி நம்மேல் வரும். துணி காயப்போட இடம் எங்கே என்பதும் இதே கேள்வியின் இன்னொரு பாதி.

சூடாக்குவது கேஸ் பாய்லரா, இரவில் மின்சாரத்தைச் சேமித்துப் பகலில் விடும் பழைய ஹீட்டரா? பின்னதென்றால் செலவு கூடும், சாயங்காலம் நீங்கள் வீடு திரும்பும்போது சூடு தீர்ந்திருக்கும். வீட்டின் மின்சிக்கனச் சான்று ஏ முதல் ஜி வரை தரம் சொல்லும். விதிவிலக்குகள் தவிர ஈ-க்குக் கீழே இருக்கும் வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. சி கிடைத்தால் சந்தோஷம்.

7. கையெழுத்துக்கு முன்

வாடகைக்குக் குடியேறும் உரிமை உங்களுக்கு உண்டா என்று வீட்டுக்காரர் சரிபார்த்தாக வேண்டும். உங்கள் இ-விசா கணக்கிலிருந்து, விசா நிலையைக் காட்டும் ஷேர் கோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும். பாஸ்போர்ட்டை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். கேஸ் பாதுகாப்புச் சான்று ஒரு வருடத்துக்குள் எடுத்ததாகவும், மின் பரிசோதனை ஐந்து வருடத்துக்குள் நடந்ததாகவும் இருக்க வேண்டும்.

காருக்கு இடம் வேண்டுமானால் ஒரு விஷயம். ஊரின் நடுப்பகுதிகளில் தெருவில் நிறுத்தக் குடியிருப்போர் பெர்மிட் வேண்டும். சில வட்டாரங்களில் அதற்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. காரில்லாக் குடியிருப்பு என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடங்களில் இருப்பவர்களுக்குப் பெர்மிட்டே கிடைக்காது. முகவரியைச் சொல்லிக் கவுன்சிலிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் கிடைக்கும்" என்பார்.

8. பிள்ளைகள் இருந்தால்

ஆரம்பப் பள்ளிக்கு வீட்டுத் தூரம் முக்கியம். உயர்நிலைப் பள்ளியில் கதை வேறு. பிரைட்டன் 2008 முதல் பள்ளிக்கென்று பிரித்த ஒரு வட்டாரத்துக்குள் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிஞ்சினால் குலுக்கல் முறையில் இடம் கொடுக்கிறது. பள்ளிக்கு எதிர்வீட்டில் இருந்தாலும், அதே வட்டாரத்தின் கடைக்கோடியில் இருந்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். ஆகவே பள்ளி வாசலில் கூடுதல் வாடகை கொடுப்பது வீண். வட்டாரத்துக்குள் இருக்கிறோமா என்பதே கேள்வி. ஃபைவ்வேஸ் பக்கத்து டோரதி ஸ்ட்ரிங்கர், வார்ன்டீன் என்ற இரண்டு பள்ளிகள் ஒரே வட்டாரத்தைப் பகிர்கின்றன. ஹோவில் பிளாட்சிங்டன் மில், ஹோவ் பார்க் அப்படியே. வட்டார எல்லைகள் மாறுவதுண்டு, பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் ஹோவில் உள்ள கார்டினல் நியூமன் பள்ளியையும் பார்க்கலாம். அதற்கு ஞானஸ்நானச் சான்றை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள்.

உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31, ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15 கடைசித் தேதி. வருட நடுவில் வருகிறவர்கள் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்கே இடம் காலியோ அங்கேதான் கிடைக்கும். முதலில் காலியிடம் எங்கே என்று போன் செய்து கேட்டுவிட்டு, அதற்கேற்ப வீடு தேடுவது புத்திசாலித்தனம்.

9. குடிபோன பிறகு

சாவி வாங்கிய அன்றே மின்சார, கேஸ் மீட்டர்களைப் படமெடுங்கள். ஒவ்வொரு சுவரையும், கார்ப்பெட்டின் கறையையும், அடுப்பின் உட்புறத்தையும் படமெடுத்து ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் டெபாசிட் தகராறு வந்தால் அந்த மின்னஞ்சல்தான் சாட்சி. கவுன்சில் டாக்ஸில் பெயரைப் பதியுங்கள், பக்கத்து டாக்டரிடம் குடும்பத்தையே பதிவு செய்யுங்கள்.

குப்பைப் பையை வாசலில் வைக்காதீர்கள். கடற்காகங்கள் நொடியில் கிழித்துத் தெரு முழுக்கக் கோழி எலும்பைப் பரப்பிவிடும். ஊர் நடுவில் தெருவிலேயே பொதுக் குப்பைத் தொட்டிகள் இருக்கின்றன. வசந்தத்தில் கடற்காகங்கள் கூரைமேல் கூடு கட்டி விடியுமுன்பே கத்த ஆரம்பிக்கும். சட்டப் பாதுகாப்பு உள்ள பறவைகள், கூட்டைக் கலைக்கக் கூடாது. மாடி ஃப்ளாட் எடுத்து இரவு வேலை பார்க்கிறவர் காது அடைப்பான் வாங்கிவிடுவது நல்லது.

சுண்ணாம்புப் பாறை நீர் என்பதால் தண்ணீர் கடினம். கெட்டிலில் வெள்ளைப் படலம் படியும், பருப்பு வேகத் தாமதமாகும். குக்கரில் ஒரு விசில் கூடுதல் வையுங்கள். மளிகைக்கு லண்டன் ரோடு, வெஸ்டர்ன் ரோடு பக்கம் தெற்காசியக் கடைகள் உண்டு. முருங்கைக்காய், இடியாப்ப மாவு, சம்பா அரிசி, நல்ல கருவாடு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமானால் தெற்கு லண்டனில் உள்ள ஈஸ்ட் குராய்டனுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆகஸ்டு முதல் வாரக் கடைசியில் மட்டும் அந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பால்புதுமையினரின் (எல்ஜிபிடி) பிரைடு விழாவுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், நிலையத்து வாசலில் வரிசையில் நின்று அரிசிப் பையோடு கால் கடுத்துப் போகும்.